மணப்பந்தலில் நூலும் நெல்லும்

மக்கள் வாழ்வில் நிகழும் வைபவங்கள் பலவற்றுள்ளும் திருமணமே தலையாயது என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். பிறப்பும் இறப்பும் நம் விருப்பத்தைக் கேட்டு வருவன அல்ல. மணம் ஒன்றே நாம் நாள் குறித்து, உற்றாரையும் ஊராரையும் அழைத்து, நம் கையால் நடத்திவைப்பது. நாமே நடத்திவைப்பதால்தான் அதில் அச்சமும் மிகுதியாகிறது. ஏதேனும் குறை நேர்ந்துவிடுமோ, யாரேனும் குறை கூறிவிடுவரோ என்ற எண்ணம் மணவீட்டாரை விட்டு அகல்வதில்லை. மணவினையைச் சூழ்ந்துள்ள நம்பிக்கைகளும் விலக்குகளும் பெரும்பாலும் இவ்வச்சத்தில் வேரூன்றி வளர்ந்தவையே.

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் இவ்விதழில் திருமண வழக்கங்களைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பல நாடுகளின் மணச்சடங்குகளை எடுத்து நோக்கினால், அவற்றின் நடுவே திரும்பத் திரும்ப வந்து நிற்பவை இரண்டு பொருள்கள்: ஒன்று நூல், மற்றொன்று தானியம். அதாவது, நம் உறுப்பினர்களின் தறியிலும் வயலிலும் விளைபவை. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் அவ்வளவு இனிமையானதன்று. சங்கங்களின் கடன் பேரேடுகளைப் பார்வையிடும்போது, பயிருக்கென வாங்கிய கடன் பந்தலுக்குச் சென்றதையும், தறிக்கென வாங்கிய கடன் தாம்பூலத்துக்குச் சென்றதையும் நாம் அடிக்கடி காண்கிறோம். ஏன் இவ்வாறு செய்தீர் என வினவினால், "வழக்கத்தை விட முடியுமா?" என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. ஆகவே வழக்கம் என்பது யாது, அது எங்கிருந்து வந்தது, அதன் வயது என்ன என ஆராய்வது கூட்டுறவாளர்க்குப் புறம்பான காரியமன்று.

நூல் பிணைக்கும் என்ற நம்பிக்கை

பழைய ரோமாபுரியிலிருந்து தொடங்குவோம். அங்கே மணமகள் அணியும் அங்கி நின்ற வாக்கில் அமைந்த பழங்காலத் தறியில் நெய்யப்பட வேண்டும் என்பது விதி. அதனை அவளே நெய்வது மரபாகக் கருதப்பட்டது. இடையில் கம்பளிக் கச்சை ஒன்றைக் கட்டி, எளிதில் அவிழாத முடிச்சு ஒன்றிடுவர். அதற்கு ஹெர்க்குலிஸ் முடிச்சு என்று பெயர். அதனை அவிழ்க்கும் உரிமை மணமகனுக்கே உண்டு. அவள் புகுந்த வீட்டிற்கு ஊர்வலமாகச் செல்லுகையில் நூற்புக்கோலும் கதிரும் உடன் எடுத்துச் செல்லப்படும். வாயிலை அடைந்ததும் கதவு நிலையில் கம்பளிப் பட்டைகளைச் சுற்றிக் கொழுப்பு அல்லது எண்ணெய் தடவுவாள். நூல் நூற்கும் கை ஒரு வீட்டிற்குள் வருகிறது என்பதே அங்கு மங்கலத்தின் பொருள். வாயிற்படியில் கால் இடறினால் தீய நிமித்தம் என அஞ்சி அவளைத் தூக்கிச் செல்வர். நம் நாட்டில் வலக்காலை முன்வைத்து வரச் சொல்வதும் இவ்வகையைச் சேர்ந்த எச்சரிக்கையே.

கீழ்த்திசை நாடுகளுக்கு வருவோம். தாய்லாந்து மணவினையில் வெண்பருத்தி நூலால் அமைந்த இரு வளையங்களை ஒன்றோடொன்று இணைத்து மணமக்களின் தலையில் சூட்டி, பெரியோர் அவர்தம் கைகளில் சங்கால் நீர் வார்த்து வாழ்த்துவர். லாவோஸ் நாட்டில் வந்திருப்போர் ஒவ்வொருவரும் மணமக்களின் மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டி நல்வாக்குக் கூறுவர். இலங்கைச் சிங்களரின் மணமேடையில் இருவரின் சிறுவிரல்களையும் நூலால் பிணைத்து அதன்மேல் நீர் ஊற்றுவர். பிலிப்பைன்ஸ், மெக்சிகோ ஆகிய நாடுகளின் கிறிஸ்தவ மணங்களில் மணமக்கள் இருவரையும் சுற்றி எட்டு என்னும் எண்வடிவில் ஒரு கயிற்றை இடுவது உண்டு. ஜப்பானியர் மணவீட்டிற்குப் பணம் அளிக்கும்போது, அந்த உறையின்மேல் காகித இழைக் கயிற்றை அவிழ்க்க இயலாத முடிச்சாகக் கட்டுவர். எளிதில் அவிழும் முடிச்சு, திரும்பத் திரும்ப நிகழலாம் என்ற நிகழ்ச்சிகளுக்கு உரியது. மணம் ஒருமுறையே நிகழ வேண்டுவது ஆதலின் அம்முடிச்சு அதற்கு ஆகாது.

இவர்களுள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதாக எல்லாவற்றையும் கூறிவிட முடியாது. இரு பொருள்களைச் சேர்த்துக் கட்ட மனிதன் கண்ட முதற் கருவிகளுள் ஒன்று இழை. ஆகவே இரண்டு மனிதர்களைச் சேர்ப்பதற்கும் அவன் மனம் இழையையே நாடியது எனக் கொள்வது பொருந்தும்.

நம் தமிழகத்துச் சான்றும் இதற்கு மாறானதன்று. அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் இரண்டும் பழந்தமிழர் மணத்தை விரித்துரைப்பவை. பின்னதில் வாகை இலையும் அறுகம்புல்லின் அரும்பும் சேர்த்த வெண்ணூல் மணமகளுக்குச் சூட்டப்படுகிறது. தூய ஆடை உடுத்தப்படுகிறது. இவ்விரு பாடல்களிலும் தாலி கட்டுவதைப் பற்றியோ தீவலம் வருவதைப் பற்றியோ குறிப்பு இல்லை. புரோகிதரும் காணப்படவில்லை. இன்று பொன்னிற் கோக்கப்படும் தாலியும் அடிப்படையில் மஞ்சள் தோய்ந்த பருத்திச் சரடே என்பதை நம் உறுப்பினர் அறிவர். பொன்னின் விலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் முடிச்சு விழுவது நூலில்தான்.

துணியே மணமானதும் உண்டு. மலையாள நாட்டில் நாயர் சமூகத்தாரிடையே முற்காலத்து மணத்திற்குப் புடவை கொடை என்றே பெயர். மணமகன் துணியைக் கையளிக்க, மணமகள் ஏற்றுக்கொள்வதே சடங்கின் உயிர்நிலை. யாழ்ப்பாணத் தமிழர் மணப்புடவையைக் கூறை என்றே வழங்குவர். மயிலாடுதுறையை அடுத்த கூறைநாட்டின் பெயரோடு கூறைப்புடவையின் புகழும் சேர்ந்தே வழங்குகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரிய நாட்டு யொரூபா மக்கள், ஒடுக்கமான கைத்தறியில் நெய்த நீண்ட பட்டைகளை ஒன்றோடொன்று தைத்து மண ஆடை செய்வர். அதற்கு அஷோ ஓக்கே என்று பெயர். எந்த நாட்டு மணப்பந்தலிலும் நெசவாளன் அழைக்கப்படாத விருந்தினனாக உடன் இருக்கிறான்.

நெல் நிறைக்கும் என்ற நம்பிக்கை

இனித் தானியத்திற்கு வருவோம். ரோமாபுரியின் உயர்குடி மணமுறை ஒன்றில் மணமக்கள் கோதுமையினத் தானியம் ஒன்றால் ஆன அப்பத்தை இறைவனுக்குப் படைப்பர். அத்தானியத்தின் பெயர் ஃபார். மணமுறையின் பெயரே அதனால் கான்ஃபாரியேஷியோ என வழங்கிற்று. அதாவது, தானியத்தின் பெயரால் அமைந்த திருமணம். நம் அகநானூற்றின் 86 ஆம் பாடலிலோ, மணல் பரப்பிய பந்தலின் கீழ், விளக்கேற்றி, உளுந்து சேர்த்த களியும் சோறும் குவித்து, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அவள் கூந்தலில் பூவிதழோடு நெல்லும் தங்கி நிற்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான அந்த மணத்திற்கு வேண்டியிருந்தவை மணல், விளக்கு, நீர், பூ, நெல், உளுந்து, நல்வாக்கு ஆகியவை. இவற்றுள் கடன் வாங்கிச் சேகரிக்க வேண்டியது எது என்று உறுப்பினர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சீனர் மணமக்களின் படுக்கையில் நால்வகைப் பொருள்களை இடுவர்: செம்பேரீச்சை போன்ற இலந்தையினக் கனி, நிலக்கடலை, லாங்கான் பழம், தாமரை விதை. இவற்றின் சீனப் பெயர்களிலுள்ள ஒலிகளைச் சேர்த்துச் சொன்னால் "விரைவில் நல்ல மகவு பிறக்கட்டும்" என்ற பொருள் தொனிக்கும். சொல்லின் ஒலியிலிருந்தே நம்பிக்கை பிறப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இம்முறையிலேயே அவர்கள் கடிகாரத்தைப் பரிசாக அளிப்பதில்லை. கடிகாரம் அளித்தல் என்னும் தொடரும் இறுதிக் காலத்தில் உடனிருத்தல் என்னும் தொடரும் அவர்கள் மொழியில் ஒன்றுபோல் ஒலிக்கும். மொழி மாறினால் அந்த அச்சமும் மறையும். நம் வீடுகளில் மணமக்களுக்குச் சுவர்க் கடிகாரம் அளித்தோர் எத்தனையோ பேர். அதனால் யாருக்கும் கேடு விளைந்ததில்லை.

மேனாட்டார் மணமக்கள் மீது அரிசி தூவுவதும் நாம் அட்சதை தூவுவதும் ஒரே கருத்தின் இரு கிளைகள் எனலாம். இதனைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. தூவப்பட்ட அரிசியைப் பறவைகள் தின்றால் அது வயிற்றில் ஊதி அவை மாண்டுபோகும் என்ற வதந்தி அமெரிக்காவில் பரவிற்று. 1985 ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலச் சட்டமன்றத்தில் அரிசி தூவுவதைத் தடுக்க ஒரு மசோதாவே கொண்டுவரப்பட்டது. பறவையியல் அறிஞர்கள் அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை என மறுத்தனர். கதிர் முற்றும் காலத்தில் பகலெல்லாம் குருவி ஓட்டிக் களைத்த நம் உறுப்பினர் எவரைக் கேட்டிருந்தாலும் இதே விடையைச் சொல்லியிருப்பர். கற்றவர் நாட்டிலும் புதிய மூடநம்பிக்கை தோன்றக்கூடும் என்பதற்கே இதனைக் கூறினோம்.

ஒருவர்க்கு மங்கலம், மற்றவர்க்கு விலக்கு

மங்கலமும் அமங்கலமும் பொருளில் உறைந்திருக்குமானால் உலகெங்கும் ஒரே பொருள் மங்கலமாக இருத்தல் வேண்டும். அவ்வாறு உள்ளதா எனக் காண்போம்.

வெள்ளை நிறம் சீனர்க்குத் துக்கத்தின் நிறம். மேனாட்டு மணமகளுக்கோ அதுவே மணக்கோலம். நம் அண்டை நாடாகிய கேரளத்தில் சரிகைக் கரையிட்ட வெண்ணிற ஆடை மணத்திற்கு உகந்தது. கறுப்பு நிறத்தை நம்மவர் முகூர்த்தப் புடவையில் சேர்ப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் சுமங்கலிகளின் மங்கல சூத்திரம் கருமணிகளால் கோக்கப்படுவது. 19 ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் கிராமத்து மணமகளிர் பலர் கறுப்பு ஆடையிலேயே மணந்துகொண்டனர். பின்னர் கோயிலுக்கும் விழாவுக்கும் அதுவே உதவியது.

எண்களின் செய்தியும் இவ்வாறே. சீனர் பரிசுப் பணத்தை இரட்டைப்படையில் அளிப்பர். இணை என்பது நன்மை என்பது அவர்கள் கருத்து. ஜப்பானியர் ஒற்றைப்படையில் அளிப்பர். இரட்டை எண் இரண்டாகப் பிரிந்துவிடும், மணமும் அவ்வாறு பிரிந்துவிடலாகாது என்பது அவர்கள் கருத்து. நாமோ நூற்றோடு ஒன்று, ஆயிரத்தோடு ஒன்று என ஒரு ரூபாயைச் சேர்க்கிறோம். அண்டை நாட்டார் இருவர் ஒரே கவலைக்கு நேர் எதிரான இரண்டு மருந்துகளைக் கண்டிருக்கின்றனர். இரு நாட்டிலும் இல்லறங்கள் நன்கு நடந்தே வருகின்றன.

மணவீட்டில் கண்ணாடியோ கலமோ உடைந்தால் நம் பெண்டிர் திடுக்கிடுவர். ஜெர்மானியர் மணத்திற்கு முந்திய மாலையில் பீங்கான் கலங்களை வேண்டுமென்றே உடைத்து, அதுவே நல்வாழ்விற்கு அறிகுறி என மகிழ்வர். யூதர் மணப்பந்தலில் மணமகன் கண்ணாடிக் குவளை ஒன்றைக் காலால் மிதித்து உடைப்பான். கி.பி. 70 இல் அழிந்த எருசலேம் ஆலயத்தை மகிழ்ச்சி நாளிலும் மறவாதிருப்பதற்கே இச்சடங்கு என்பர். ஒரே ஓசை ஓரிடத்தில் அபசகுனம், ஓரிடத்தில் நற்குறி, ஓரிடத்தில் வரலாற்று நினைவு.

மாதங்களைப் பற்றிய விலக்குகள் மட்டும் சற்று வேறுபட்டவை. ரோமர் மே மாதத்தில் மணம் செய்ய அஞ்சினர். அது இறந்தோர் ஆவிகளுக்குரிய சடங்குகள் நிகழும் மாதம். சீனர் தம் ஏழாம் மாதத்தை இதே காரணத்தால் விலக்குவர். தாய்லாந்து மக்கள் பிக்குகள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் மூன்று மாதங்களில் மணத்தைத் தவிர்ப்பர். அது உழவு வேலை மிகுந்த காலமும் ஆகும். நமக்கு ஆடி. ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டிய குடியானவனுக்கு அம்மாதத்தில் பந்தலடியில் அமர நேரமில்லை, கையில் பணமும் இல்லை. காரணம் எதுவாயினும், விதைப்புப் பணத்தை விருந்தில் கரைக்காதே என்னும் கட்டுப்பாடாக அது பயன்பட்டு வந்தது. சோதிடம் நோக்கி ஆடியை விலக்குபவர், அதன் பொருளாதாரத்தையும் நோக்கி, விதைப்புக்கு வாங்கிய கடனைத் தை மாதத்திலும் மணச்செலவுக்குத் தொடாதிருப்பாராயின் நன்று.

நேற்றுப் பிறந்த பழமைகள்

நம் உறுப்பினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. மிகப் பழமையானவை என நாம் எண்ணும் வழக்கங்கள் பல உண்மையில் மிக இளையவை.

மேனாட்டு மணமகளின் வெள்ளை ஆடையை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் அந்நாட்டுப் பெண்கள் தம்மிடமிருந்த ஆடைகளுள் சிறந்ததை, அது எந்நிறமாயினும், உடுத்தி மணந்துகொள்வர். பின்னரும் அதனைப் பயன்படுத்துவர். 1840 பிப்ரவரி 10 ஆம் நாள் இங்கிலாந்தின் விக்டோரியா அரசியார் இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தபோது வெண்பட்டு உடுத்தினார். அப்பட்டு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர் நெய்தது. அதன்மேல் இட்ட லேஸ் டெவன் மாவட்டத்துப் பெண்கள் கையால் பின்னிய ஹானிட்டன் லேஸ். அந்நாளில் இவ்விரு தொழில்களும் அயல்நாட்டுச் சரக்காலும் இயந்திரப் போட்டியாலும் நலிந்திருந்தன. உள்நாட்டுக் கைவினைஞர்க்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற நோக்கம் அத்தேர்வில் இருந்தது. பின்னர் வந்தோர் நிறத்தைப் பற்றிக்கொண்டனர், நோக்கத்தை மறந்துவிட்டனர். இன்னொரு செய்தியும் உண்டு. அரசியார் தம் மண நாளின் லேஸை எடுத்துவைத்து, 1897 இல் தம் ஆட்சியின் வைர விழாவின்போதும் அணிந்தார். பேரரசி ஒருவர் 57 ஆண்டுகள் போற்றிப் பயன்படுத்தினார். நம் வீடுகளிலோ ஒருநாள் உடுத்திய முகூர்த்தப் பட்டு, பெட்டியில் மடிப்பு இற்றுக் கிடக்கிறது.

ஜப்பானியரின் ஷிண்டோ ஆலய மணமும் தொன்மையானதென்றே பலர் கருதுவர். 1900 ஆம் ஆண்டில் பட்டத்து இளவரசர் யோஷிஹிட்டோவின் மணம் அரண்மனை ஆலயத்தில் நடந்த பின்னரே அம்முறை பொதுமக்களிடையே பரவிற்று. அதற்குமுன் மணங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்ந்தன.

வைர மோதிரத்தின் கதை இன்னும் வியப்பானது. டி பியர்ஸ் என்னும் வைர வாணிக நிறுவனத்திற்காக 1947 இல் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண்மணி, வைரம் என்றும் நிலைப்பது என்னும் கருத்தமைந்த வாசகத்தை எழுதினார். அது நாடெங்கும் பரவிற்று. ஜப்பானில் 1967 இல் நிச்சயமான மணமகளிருள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் பெற்றனர். 1981 இல் அது ஏறக்குறைய 60 ஆயிற்று. 14 ஆண்டுகளில் ஒரு வழக்கம் விளைந்துவிட்டது. விதைத்தது முன்னோர் அல்லர், விளம்பரம். இடக்கை நான்காம் விரலிலிருந்து இதயத்திற்கு நேரே ஒரு நரம்பு செல்கிறது என்ற பழங்கதையும் மோதிரத்திற்குத் துணையாயிற்று. அத்தகைய தனி நரம்பு எதுவும் உடலில் இல்லை. ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் மண மோதிரத்தை வலக்கையிலேயே அணிவர்.

ஆங்கிலேயரிடம் ஒரு சிறு வழக்கம் உண்டு. மணமகள் பழைய பொருள் ஒன்று, புதிய பொருள் ஒன்று, இரவல் பெற்ற பொருள் ஒன்று, நீலநிறப் பொருள் ஒன்று அணிந்து, காலணியில் ஆறு பென்னி வெள்ளி நாணயம் ஒன்றை இட்டுச் செல்வாள். அங்கே இரவல் என்பது இல்லறத்தில் நிறைவு கண்ட தோழியின் கைக்குட்டையோ அணியோ பெற்று, மணம் முடிந்ததும் திருப்பித் தருவது. மணத்திற்கு இரவல் வாங்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. திருப்பித் தரும் காலந்தான் வேறுபடுகிறது.

எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சடங்கெல்லாம் பொய், அவற்றை ஒழித்துவிடுக என்று நாம் கூறுவதாக எவரும் கருதலாகாது. நூலைக் கட்டுவதால் யாருக்கும் நட்டமில்லை. நெல்லைத் தூவுவதால் யாருக்கும் துன்பமில்லை. மனிதர் தம் நல்லெண்ணத்தைக் கண்ணால் காணும்படி ஒரு பொருளில் ஏற்றிவைப்பது அழகிய செயலே. ஒரு வழக்கத்தை ஏற்பதா விடுவதா என்பதற்கு இரண்டே வினாக்களை எழுப்பினாற் போதும். அது குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துகிறதா? அது யாரேனும் ஒருவரின் மனத்தைப் புண்படுத்துகிறதா?

முதல் வினாவுக்குக் கணக்கே விடை கூறும். மணச்செலவுக்கென உறுப்பினர் ஒருவர் வெளியில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் 1,00,000 ரூபாய் வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டொன்றுக்கு வட்டி 24,000 ரூபாய். மூன்றாண்டுகளில் வட்டி மட்டும் 72,000 ரூபாய். மகள் பெற்ற குழந்தை மழலை பேசத் தொடங்கும் நாளிலும் தந்தையின் அசல் ஒரு ரூபாயும் குறையாமல் நிற்கும். அதனை அடைக்கச் சங்கத்துப் பயிர்க்கடனில் கைவைத்தால், தவணை தவறியவர் என்ற பெயர் ஏற்பட்டு அடுத்த பருவத்துக் கடனும் நின்றுபோகும். பந்தலின் அலங்கார வளைவும் ஒலிபெருக்கியும் மறுநாள் காலையில் அகற்றப்படும். பேரேட்டில் ஏறிய தொகை அகலாது.

சட்டமும் இச்செலவுகளுள் எதனையும் கேட்கவில்லை. 1967 இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்திற்கு நம் மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்கு விளங்கும் மொழியில் கூறினாலும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் அம்மணம் செல்லும். 1961 ஆம் ஆண்டின் சட்டத்தால் வரதட்சிணை கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாக்கப்பட்டன. முஸ்லிம்களின் மணத்தில் மகர் என்னும் தொகை மணமகனிடமிருந்து மணமகளுக்கே உரியதாகிறது என்பதையும், யூதர் மணவோலையில் கணவன் மனைவிக்குச் செய்யவேண்டிய கடமைகளே எழுதப்படுகின்றன என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். பெண்ணைப் பெற்றவரே கொடுக்க வேண்டும் என்பது உலக வழக்கமன்று.

இரண்டாம் வினாவை எழுப்பும்போது நாம் தயக்கமின்றி ஒன்றைக் கூற வேண்டும். நெசவாளர் சங்கங்களின் உறுப்பினர்களில் கணவனை இழந்த பெண்கள் பலர் உள்ளனர். தறிக்குழியில் காலிறக்கி அமர்ந்து, ஊடும் பாவும் சேர்த்து, முகூர்த்தப் புடவையை நெய்து தருபவர்களும் அவர்களில் உண்டு. அப்புடவை மங்கலம் என மணவீட்டார் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வர். ஆனால் நெய்தவரின் சொந்த மகளுக்கு மணம் நடக்கும்போது, அத்தாய் பந்தலின் ஓரத்தில், தூண் மறைவில் நிற்கிறார். தாலியைத் தொட்டு வாழ்த்தும் தட்டு அவரைக் கடந்து செல்கிறது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் உடலெல்லாம் கரி படிந்த புகைபோக்கித் துப்புரவாளன் மணநாளில் எதிர்ப்பட்டால் நற்சகுனம் என வரவேற்பர். ஒரு மனிதரை நற்குறியாக்குவதும் தீக்குறியாக்குவதும் ஊரார் எண்ணமேயன்றி வேறில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர் கைபட்ட நூல் மங்கலமாயின், அவர் கை எவ்வாறு அமங்கலமாகும்? ஆடையை ஏற்று ஆசியை மறுப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. பெற்ற மகளுக்கு அட்சதை தூவும் உரிமையைத் தாய்க்கு அளிப்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. மணவீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, "அம்மா, முதலில் நீங்கள் வாருங்கள்" என்று அழைத்தாற் போதும்.

உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் இவ்வளவே. வீட்டில் பெண் பிறந்த ஆண்டிலேயே சங்கத்தில் அவள் பெயரால் சிறுதொகையேனும் தொடர்ந்து சேமியுங்கள். மணத்திற்கு வேண்டிய துணியை நம் சங்கத் தறியிலிருந்தே எடுங்கள். பின்னரும் உடுத்தத்தக்க துணியாக எடுங்கள். பிறர் வீட்டுப் பந்தலை அளந்து உங்கள் பந்தலைப் போடாதீர்கள். நூலையும் நெல்லையும் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றனர். கடனை அவர்கள் விட்டுச் செல்லவில்லை. வரும் தை மாதத்தில் மணம் நடத்தும் இல்லங்களில், அட்சதைத் தட்டு தூண் மறைவில் நிற்பவரிடமும் செல்லட்டும்.